ஒரே ஆய்வு, இரு நாட்டு விதிகள்: சிங்கப்பூர் மனநல ஆய்வுக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவமனையின் மனநலத் துறையில் 2021-இல் தொடங்கிய ஓர் ஆய்வு அச்சேறிய விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். ஆய்வு என்ன கண்டுபிடித்தது என்பதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. எது முதலில் அச்சுக்குப் போனது, எது தாமதமானது, எது இன்றுவரை போகவில்லை, அதில் பதவி உயர்வு விதிகளின் பங்கு என்ன என்பதுதான் விஷயம். அக்குழுவுக்கு நான் ஆய்வுமுறை ஆலோசகர். மாதிரி அளவு கணக்கிடுவது, புள்ளியியல் பார்ப்பது, வரைவுகளைத் திருத்துவது என் வேலை. சம்பந்தப்பட்ட நால்வரும் இதைப் படித்துச் சம்மதம் சொன்னார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

## பின்னணி

சிங்கப்பூரில் மனநலம் பற்றிய பெரிய தரவுக்குப் பஞ்சமில்லை. 2010-இல் நடந்த தேசிய மனநல ஆய்வில் 6,616 பேரிடமும், 2016-இல் நடந்த இரண்டாம் சுற்றில் 6,126 பேரிடமும் நேர்காணல் செய்தார்கள். வாழ்நாளில் ஒரு முறையாவது பெரும் மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் முதல் சுற்றில் 5.8 விழுக்காடு, இரண்டாம் சுற்றில் 6.3 விழுக்காடு. கொள்கை வகுப்பவர்களுக்கு இத்தகைய எண்கள் மிகவும் பயன்படும். ஆனால் வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவதாகச் சொன்னவர்கள் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.5 விழுக்காடுதான். இவ்வளவு சிறிய கூட்டத்தைத் தனியாக எடுத்துப் பார்க்காவிட்டால் அது சராசரிக்குள் கரைந்துவிடும்.

எங்கள் மூத்த ஆலோசகர் இங்கேயே பிறந்து வளர்ந்த மனநல மருத்துவர். மனச்சிதைவு நோய் உள்ளவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பத்தாரைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் எண்ணம். திட்டத்தில் மூன்று பகுதிகள் இருந்தன. முதலாவது, பராமரிப்பாளரின் சுமையை அளக்கும் ஸாரிட் கேள்விப்பட்டியலின் தமிழ் வடிவத்தை இங்குள்ளவர்களிடம் சரிபார்ப்பது. அதில் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. இரண்டாவது, ஒரு சிலருடன் ஆழமான நேர்காணல். மூன்றாவது, தமிழ்நாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு வரும் பராமரிப்பாளர்களோடு ஒப்பீடு.

குழுவில் மூத்த ஆலோசகரோடு ஓர் இளம் மருத்துவர் இருந்தார். நிபுணத்துவப் பயிற்சியை முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர். பல்கலைக்கழகத்தின் துணைப் பேராசிரியர் தகுதிக்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டுக் கல்லூரியில் ஓர் உதவிப் பேராசிரியர். இணைப் பேராசிரியர் ஆவதற்கு அவருக்கு இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் தேவை. ஆய்வு ஒருங்கிணைப்பாளர் உளவியல் பட்டதாரி, ஒப்பந்த ஊழியர். சிங்கப்பூர் நேர்காணல்கள் எல்லாவற்றையும் செய்தவர் அவர்தான்.

அவரோடு ஒரு நேர்காணலுக்கு நானும் போயிருந்தேன். உட்லண்ட்ஸில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அறுபதைக் கடந்த ஓர் அம்மா. காலையில் உணவங்காடியில் தட்டு எடுக்கும் வேலையை முடித்துவிட்டு வந்திருந்தார். மகன் உள்ளறையில் இருந்தார். வசந்தம் தமிழ்த் தொலைக்காட்சி ஒளிவழி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கேள்விப்பட்டியலில் பாதியைத் தாண்டியதும் எழுந்து போய்ச் சோற்றுப் பானையைப் பார்த்துவிட்டு வந்தார். உட்காரும்போதே கேட்டார்: “இதெல்லாம் எழுதி என்னம்மா பண்ணப் போறீங்க?” ஒருங்கிணைப்பாளர் தகவல் தாளைத் திருப்பிக் காட்டி, “எல்லாம் முடிஞ்சதும் தமிழ்லயே ஒரு அறிக்கை போட்டு உங்களுக்குத் தருவோம் ஆன்ட்டி” என்றார். நெறிமுறைக் குழுவிடம் கொடுத்த ஆவணத்திலும் அந்த வாக்குறுதி எழுத்தில் இருந்தது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

## இரண்டு பக்கமும் இருந்த விதிகள்

எங்கள் துறையில் ஆண்டு மதிப்பீட்டுக்கு ஓர் எக்செல் தாள் உண்டு. இதழ்கள் அவற்றின் துறைக்குள் இம்பாக்ட் ஃபேக்டர் வரிசைப்படி நான்காகப் பிரிக்கப்படுகின்றன. மேல் கால்வாசி க்யூ1. க்யூ1 இதழில் முதல் கட்டுரையாளருக்கு முழுப் புள்ளி, க்யூ2 என்றால் அதில் பாதியை விடச் சற்று அதிகம், அதற்குக் கீழே போனால் சொற்பம். தொடர்புக்குரிய கட்டுரையாளருக்கு, அதாவது இதழுக்கும் வாசகருக்கும் பதில் சொல்லும் பொறுப்பில் இருப்பவருக்கு, பாதி. நடுவில் பெயர் வந்தால் கால். தனி நோயாளர் அறிக்கைக்குப் பெயரளவுக்கு ஏதோ உண்டு. பிற மொழியில் வெளியாகும் எதற்கும் பூச்சியம்.

இம்பாக்ட் ஃபேக்டர் எளிய கணக்குதான். ஓர் இதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் முன்வைத்த மேற்கோள் அட்டவணை யோசனையிலிருந்து வளர்ந்தது. 1975 முதல் ஆண்டுதோறும் பட்டியலாக வருகிறது. எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகர் பார்ப்பதற்கு நல்ல கருவி. ஒரு மருத்துவரின் வேலையை எடை போட அதை எடுத்தால்தான் வம்பு. 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்வாளர்களும் இதழாசிரியர்களும் உருவாக்கி, 2013-இல் வெளியிட்ட டோரா பிரகடனம் இதைத்தான் சொன்னது: தனி ஆய்வாளரின் பங்களிப்பை மதிப்பிடவோ, வேலை கொடுக்கவோ, பதவி உயர்த்தவோ இதழின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். ஆய்வு மதிப்பீட்டு எண்களைப் பற்றிய 2015-இன் லைடன் அறிக்கையும் அதே வழிதான். அது இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது: உள்ளூருக்குப் பொருத்தமான, உள்ளூர் மொழியிலான நல்ல ஆய்வைக் காப்பாற்றுங்கள்.

மனநலத் துறையில் இந்த எண் இன்னும் கோணலாக இருக்கிறது. வேர்ல்ட் சைக்கியாட்ரி இதழின் 2021-ஆம் ஆண்டு எண் 79.683, நல்ல வட்டார இதழ்கள் பல ஒற்றை இலக்கத்தில் நிற்கும். ஏஷியன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியின் எண் 2020-க்கு 3.543, அடுத்த ஆண்டு 13.890, அதற்கடுத்த ஆண்டு 9.5. இதழ் ஓராண்டில் நான்கு மடங்கு தரமாகிவிடவில்லை. பெருந்தொற்று பற்றி 2020-இல் அது வெளியிட்ட கட்டுரைகளை உலகமே மேற்கோள் காட்டியது, அவ்வளவுதான். எண்ணை நம்பி இதழ் பட்டியல் போட்டவர்கள் வருடா வருடம் அதைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்தியப் பக்கம் வேறு மாதிரி. அங்கே இம்பாக்ட் ஃபேக்டர் கேள்வி இல்லை. கட்டுரை எந்த அட்டவணையில் (இதழ்களைப் பதிவுசெய்யும் தரவுத்தளத்தில்) உள்ள இதழில் வந்தது, பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. இந்திய மருத்துவக் கவுன்சில் 2015-இல் மின்னிதழ்களையே ஏற்க மறுத்தது. 2020 திருத்தத்திலும், கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதியிலும் அது தளர்ந்தது. அந்த 2022 விதிப்படி அசல் ஆய்வு, மெட்டா பகுப்பாய்வு, முறைசார் மீளாய்வு, நோயாளர் தொடர் அறிக்கை ஆகியவை எண்ணப்பட்டன. கட்டுரையாளர் முதல் மூவரில் ஒருவராகவோ தொடர்புக்குரியவராகவோ இருக்க வேண்டியிருந்தது.

தனி நோயாளர் அறிக்கை அங்கும் எடுபடாது. லித்தியம் மருந்தின் பயனை மனநல மருத்துவர் ஜான் கேட் 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் எழுதியது 10 பித்துநிலை நோயாளிகளை வைத்துத்தான். ஒரு நாட்டு இதழ், சின்ன எண்ணிக்கை, ஒப்பீட்டுக் குழு கிடையாது. தொடர் அறிக்கை என்பதால் இந்திய விதியில் அவர் தப்பித்திருப்பார். எங்கள் தாளில் கொஞ்சம் சிரமம்.

## கவனித்தவை

2022 நடுவில் தரவு சேகரிப்பு முடிந்தது. இந்தியப் பக்கம் வெளிநாட்டுக் கூட்டாய்வுக்கு மத்திய சுகாதார அமைச்சகக் குழுவின் அனுமதியும் தேவைப்பட்டதால் தாமதம். அதுவரை குழுவில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. முதல் வெளியீட்டுக் கூட்டத்தில்தான் மாற்றம் தெரிந்தது.

இளம் மருத்துவர் ஒரு திட்டத்தோடு வந்தார். கேள்விப்பட்டியலின் காரணி அமைப்பு (கேள்விகள் எப்படிக் குழுக்களாகச் சேர்கின்றன என்பது) ஒரு கட்டுரை, நம்பகத்தன்மை இன்னொன்று, சுமைக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு மூன்றாவது, நேர்காணல் நான்காவது, ஒப்பீடு ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இதழின் பெயர், க்யூ எண், அவருக்குக் கிடைக்கும் புள்ளி. அவரைக் குறை சொல்ல முடியாது. தாள் கேட்டதைத்தான் அவர் நிரப்பினார். ஆனால் முதல் மூன்றும் ஒரே தரவு, ஒரே முறை, ஒரே முன்னுரை. பிரித்தால் படிக்கிறவருக்கு மூன்றையும் தேடி எடுத்து ஒட்டிப் பார்க்கும் வேலைதான் மிஞ்சும்.

அப்புறம் முதல் பெயர். தமிழ்நாட்டு உதவிப் பேராசிரியர் காணொளியில் தயங்கித் தயங்கிப் பேசினார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க காலேஜ்ல முதல் பேரா இருந்தாதான் கணக்குல எடுப்போம்னு சொல்றாங்க. ரெண்டுலயாவது என் பேரு முதல்ல வந்தா நல்லாருக்கும்.” இளம் மருத்துவரின் விண்ணப்பத்துக்கும் அதே இரண்டுதான் வேண்டும். மூத்த ஆலோசகர், “பார்ப்போம்” என்றார். அதன் பிறகு இரண்டு பக்கமும் மின்னஞ்சல்கள் சுருங்கின, பதில்கள் தாமதமாயின. பகுப்பாய்வுக் கோப்பைப் பகிர்வதில்கூடச் சுணக்கம்.

மூன்றாவதாக நான் கவனித்தது யாருமே பேசாத ஒன்று. வேலைப் பட்டியலில் தமிழ் அறிக்கை இருந்தது, கடைசி வரியில். ஒவ்வொரு கூட்டத்திலும் “கட்டுரை போனதும் பார்க்கலாம்” என்று தள்ளிப்போனது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் செய்ய யாருக்கும் காரணம் இல்லை, அதுதான் உண்மை. தள்ளிப்போனது அது மட்டுமல்ல. ஒப்பீட்டுப் பகுதியில் இரண்டு ஊர்ப் பராமரிப்பாளர்களின் சுமைக்கும் சொல்லத்தக்க வேறுபாடு வரவில்லை. வேறுபாடு இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ஆய்வையே அமைத்திருந்தோம். முடிவு வந்த வாரத்திலேயே ஐந்தாவது கட்டுரை அந்தத் தாளில் சாம்பல் நிறமானது.

ஒருங்கிணைப்பாளரின் பெயர் எந்தத் திட்டத்திலும் கட்டுரையாளர் வரிசையில் இல்லை, நன்றியுரையில் இருந்தது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2022 அக்டோபரில் மூத்த ஆலோசகர் எல்லோரையும் அரை நாள் உட்கார வைத்தார். அதற்கு முன்பாக ஒரு வேலை செய்தோம்: இரு நாட்டு விதிகளையும் மூலத்திலேயே எடுத்துப் படித்தோம். கல்லூரி அலுவலகம் சொன்ன ‘முதல் பெயர் மட்டும்’ என்பது பழைய, குறுகலான விதியின் நினைவு. அப்போதைய விதிப்படி இரண்டாம் மூன்றாம் இடமும் செல்லும். அதாவது, இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த இடம் ஒருவருக்குத் தேவையே இல்லை. உதவிப் பேராசிரியர் அந்த விதியின் பக்கத்தை அச்செடுத்துக் கல்லூரி முதல்வரிடம் காட்டி எழுத்தில் உறுதி வாங்கினார். பல மாத மனக்கசப்பு அதோடு பாதி தீர்ந்தது. விதியைச் செவிவழியாகத் தெரிந்துகொள்வது எவ்வளவு ஆபத்து என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

ஐந்து கட்டுரைகள் மூன்றாகக் குறைந்தன. அளவீடு சார்ந்த மூன்றையும் ஒன்றாக்கினோம். காரணி அமைப்பு தெரியாமல் நம்பகத்தன்மையைப் படிக்கிறவர் என்ன செய்வார் என்பதே வாதம். இளம் மருத்துவர் அதில் முதல், உதவிப் பேராசிரியர் இரண்டாவது.

நேர்காணல் கட்டுரையில் முதல் பெயர் யார் என்பதில்தான் அதிக நேரம் போனது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு கட்டுரையாளருக்கு நான்கு தகுதிகள் சொல்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது அறிவுபூர்வமாகத் திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு. நேர்காணல்களைச் செய்தவர், எழுத்தாக்கியவர், கருப்பொருள் பிரித்தவர், முதல் வரைவு போட்டவர் எல்லாம் ஒருங்கிணைப்பாளர். நான்கில் எதிலும் அவரைத் தள்ள முடியவில்லை. அவரை முதலில் போடுவோம் என்று மூத்த ஆலோசகர் சொன்னதும் அறை கொஞ்சம் அமைதியானது. இளம் மருத்துவருக்கு அதனால் நிஜமாகவே நட்டம். மறைக்காமல் சொன்னார்: “சரி, நியாயம்தான். ஆனா என் ஃபார்ம்ல இது எப்படித் தெரியும்?” தொடர்புக்குரிய கட்டுரையாளராக அவரை வைத்தோம். அது ஆறுதல் பரிசு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒப்பந்த ஊழியரின் மின்னஞ்சல் முகவரி ஒப்பந்தத்தோடு போய்விடும், பின்னால் கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். உதவிப் பேராசிரியர் மூன்றாவது இடம்.

தமிழ் அறிக்கையைக் கட்டுரைகளுக்கு முன்னால் கொண்டுவந்தோம். இது என் வற்புறுத்தல். முன்பே வெளியிட்டதாக இதழ் எடுத்துக்கொள்ளுமோ என்ற பயம் இருந்ததால், முதலில் அனுப்ப நினைத்த இதழின் ஆசிரியர் குழுவுக்கு எழுதிக் கேட்டோம். பங்கேற்பாளர்களுக்கான சுருக்கம் முன்வெளியீடு ஆகாது என்று பதில் வந்தது. இந்த ஒரு மின்னஞ்சலை முதலாண்டிலேயே அனுப்பியிருக்கலாம்.

ஒப்பீட்டைக் கைவிடுவதில்லை என்றும் தீர்மானித்தோம், எழுத ஆள் யார் என்பது மட்டும் தீர்மானமாகவில்லை. மனநலத் துறை இதில் ஏற்கனவே சூடு கண்டது. அமெரிக்க மருந்து நிர்வாகத்தில் பதிவான 74 மனச்சோர்வு மருந்துச் சோதனைகளை எடுத்துப் பார்த்து 2008-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 31 விழுக்காடு வெளியிடப்படவே இல்லை என்று காட்டியது. வெளியானவற்றை மட்டும் படித்தால் 94 விழுக்காடு சாதகம். நிர்வாகத்தின் கணிப்பில் சாதகமானவை 51 விழுக்காடுதான். அவை மருந்துச் சோதனைகள், நம்முடையது பராமரிப்பாளர் ஆய்வு, பணமும் பங்கும் வேறு. ஆனால் ‘வேறுபாடு இல்லை’ என்ற முடிவு ஓரம்கட்டப்படும் விதம் ஒன்றேதான்.

## தொடர்ந்து நடந்தவை

தமிழ் அறிக்கை 2023 தொடக்கத்தில் ஒரு சிறுநூலாக வந்தது. ஒருங்கிணைப்பாளர் எழுதினார், செவிலியர் ஒருவர் படித்துக் கடினமான இடங்களை வட்டமிட்டார். சனிக்கிழமை மதியம் ஒரு சமூக மன்றத்தில் டீ, வடையோடு விநியோகம். வந்தவர்களில் உட்லண்ட்ஸ் அம்மாவும் ஒருவர். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். “என் பேர் போடலை, நல்லது. ஆனா இது நான் சொன்னது.” பக்கத்தில் இருந்தவரிடம் அதை வாசித்தும் காட்டினார். அந்த நூலின் பின்னட்டையில் இருந்த உதவி எண்களைப் பார்த்துப் பராமரிப்பாளர் ஆதரவுக் குழுவில் சிலர் சேர்ந்ததாகச் சமூகப் பணியாளர் பிறகு சொன்னார்.

அளவீட்டுக் கட்டுரையின் பயணம் அவ்வளவு சுலபமாக இல்லை. முதலில் ஒரு க்யூ1 இதழ். மதிப்புரைக்கே அனுப்பாமல், எங்கள் வாசகர்களுக்குப் பொதுவான ஆர்வம் தரக்கூடியதல்ல என்று திருப்பினார்கள். இரண்டாவது இதழில் மதிப்புரையாளர் ஒருவர் சிங்கப்பூர்த் தமிழர்களைத் தனியாக ஏன் ஆராய வேண்டும் என்றே கேட்டிருந்தார். இன்னொருவர் நியாயமான புள்ளியியல் குறைகளைச் சொல்லியிருந்தார், அவை கட்டுரையை மேம்படுத்தின. மூன்றாவதாகப் பட்டியலில் இருந்தது கட்டணம் வாங்கி விரைவாக வெளியிடும் ஒரு பெரிய இதழ். இளம் மருத்துவர் அதன் வடிவத்துக்குக் கட்டுரையை மாற்றத் தொடங்கியிருந்தார். 2023 மார்ச்சில், இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் ஐம்பதுக்கும் மேற்பட்ட இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியதாக அறிவித்தது. நாங்கள் குறிவைத்த இதழ் அவற்றில் ஒன்று. ஒரே நாளில் க்யூ எண் இல்லாத இதழாகிவிட்டது. அதில் முன்பே வெளியிட்டிருந்த வேறு துறை நண்பர்கள், பழைய கட்டுரைக்குப் புள்ளி உண்டா இல்லையா என்று நிர்வாகத்திடம் அலைந்தார்கள். கட்டுரையின் உள்ளே ஓர் எழுத்துகூட மாறவில்லை.

கடைசியில் ஒரு வட்டார இதழ், க்யூ2, இரண்டு சுற்றுத் திருத்தம், 2024 தொடக்கத்தில் வெளியானது. மனதுக்குள் எனக்கு அதுதான் சரியான இதழ் என்று முதலிலிருந்தே பட்டது. சிங்கப்பூர், மலேசியா, தென்னிந்தியாவில் இந்தக் கேள்விப்பட்டியலைப் பயன்படுத்தக்கூடிய மருத்துவர்கள் படிக்கிற இதழ் அது. முதல் இரண்டு முயற்சிகளும் தாளுக்காகச் செய்தவை. பல மாதங்கள் அதில் கழிந்தன.

நேர்காணல் கட்டுரைக்கு வேறு தொல்லை. எண்ணில்லாத ஆய்வுக்குப் பல மருத்துவ இதழ்களில் மதிப்பு குறைவு. 2016-இல் பிரிட்டனின் பிஎம்ஜே மருத்துவ இதழ் இத்தகைய ஆய்வுகளுக்கு முன்னுரிமை தருவதில்லை என்று 76 கல்வியாளர்கள் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். நாங்கள் அனுப்பிய இதழ் ஏற்றுக்கொண்டது. ஆனால் சொல் வரம்பு இறுக்கம். பேசியவர்களின் மேற்கோள்களை வெட்டச் சொன்னார்கள். வெட்டியவற்றைத் தமிழ் மூலத்தோடு துணைக்கோப்பாகச் சேர்க்க அனுமதி கேட்டோம். இதழாசிரியர் ஒப்புக்கொண்டார். இப்போது அந்தக் கட்டுரையிலிருந்து அதிகம் பேர் எங்களிடம் எழுதிக் கேட்பது அந்தத் துணைக்கோப்பைப் பற்றித்தான்.

ஆட்களின் நிலைக்கு வருகிறேன். உதவிப் பேராசிரியரின் பதவி உயர்வு ஒரு சுற்றுத் தள்ளிப்போனது. இரண்டாவது கட்டுரை இணையத்தில் வந்துவிட்டது, ஆனால் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இல்லாததால் பரிசீலனையில் எடுக்கவில்லை. அடுத்த சுற்றில் கிடைத்தது. ஒருங்கிணைப்பாளர் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார். முதல் பெயரோடு ஒரு கட்டுரை இருந்தது முதுகலை விண்ணப்பத்துக்குக் கைகொடுத்தது என்று சொன்னார்.

இளம் மருத்துவர் தன் படிவத்தோடு ஒரு பக்கப் பங்களிப்பு விளக்கத்தை இணைத்தார். பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2019-இல் முன்வைத்த விவரணைத் தன்விவர வடிவத்தை ஒட்டியது: என்ன கட்டுரை, எந்த இதழ் என்று அடுக்காமல், அறிவுக்கும் சக ஊழியருக்கும் சமூகத்துக்கும் என்ன செய்தேன் என்று எழுதுவது. குழுவில் இருவர் அதைப் பாராட்டினார்கள் என்று கேள்வி. புள்ளி மாறவில்லை. தகுதி அவருக்கு ஓராண்டு தாமதமாகக் கிடைத்தது. ஐந்து கட்டுரைத் திட்டத்தில் போயிருந்தால் முன்பே கிடைத்திருக்கக்கூடும். அதை அவரும் சொல்வார், நானும் மறுக்க மாட்டேன்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. இந்த அனுபவத்தைத் துறைக் கூட்டத்தில் மூத்த ஆலோசகர் விவரித்தபோது துறைத் தலைவர் அக்கறையோடு கேட்டார். அடுத்த ஆண்டுத் தாளில் ஒரு வரி சேர்ந்தது: பங்கேற்பாளர்களுக்கான அறிக்கை, ஒரு புள்ளி. எங்களுக்கு மகிழ்ச்சி. அந்த ஆண்டு இறுதிக்குள் துறையில் மூன்று சிறுபிரசுரங்கள் முளைத்தன. ஒன்றில் ஆய்வுச் சுருக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு அப்படியே மடித்திருந்தார்கள். தமிழ் தெரிந்த செவிலியருக்கே விளங்கவில்லை. அளவுகோல் ஒன்று இலக்காகிவிட்டால் அளவுகோலாக அது கெட்டுப்போகும் என்று பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இலேயே வேறொரு சூழலில் சுட்டியது இங்கேயும் வேலை செய்தது. புள்ளியை எடுத்துவிடுவதா, தரம் பார்க்க ஆள் போடுவதா என்பதில் துறை இன்னும் முடிவுக்கு வரவில்லை. பங்கேற்பாளர் இருவரிடம் படிக்கக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது என் பரிந்துரை.

## இனி வேறு விதமாகச் செய்வது

குழுவின் கையில் இருந்தவை சில. பெயர் வரிசையைத் தரவு வந்த பிறகு பேசக் கூடாது. அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உருவாகிவிடுகிறது. அடுத்த ஆய்வில் நெறிமுறைக் குழு விண்ணப்பத்தோடு ஒரு பக்க உடன்பாட்டையும் இணைத்துவிட்டோம். எத்தனை கட்டுரை, எதற்கு யார் முதல், யாராவது விலகினால் என்ன, கூடவே ஒவ்வொருவரின் பதவி உயர்வுக்கு எது எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதும் வெளிப்படையாக. கடைசி விவரத்தை எழுதச் சிலருக்குக் கூச்சம். எழுதாமல் விட்டால் அது வேறு வழியில் வெளியே வரும் என்பதை இந்த முறை பார்த்தோம்.

தமிழ் அறிக்கைக்கு நிதித் திட்டத்திலேயே தனி வரி: எழுதுபவரின் நேரம், வடிவமைப்பு, அச்சு, ஒரு பிற்பகல் கூட்டம். செலவு பெரிதில்லை. வரி இல்லாதபோது அது யாருடைய வேலையும் ஆகவில்லை.

இதழ் தேர்வில் க்யூ எண்ணைக் கடைசியாகப் பார்ப்போம் என்று சொல்ல ஆசைதான். இளம் மருத்துவர்களைப் பார்த்து அப்படிச் சொல்வது நேர்மையாக இருக்காது, அந்த எண் அவர்களுடைய சம்பளத்தையும் ஆய்வு நேரத்தையும் தீர்மானிக்கும்வரை. நடைமுறையில் நாங்கள் செய்வது, யார் படிக்க வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டு, அவர்கள் படிக்கும் இதழ்களுக்குள் எண் பார்ப்பது. பெரிய இதழுக்கு ஒரு முறை முயல்வோம். திரும்பி வந்தால் நேராக உரிய இடத்துக்குப் போவோம்.

எங்கள் கையில் இல்லாதது தாள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2021-இல் வேலை நியமனத்திலும் பதவி உயர்விலும் இம்பாக்ட் ஃபேக்டரைப் பார்ப்பதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2020 பிப்ரவரியில் சீன அமைச்சகங்கள் கட்டுரைக்கு ரொக்கப் பரிசு தருவதை நிறுத்தச் சொல்லின. பெரிய அமைப்புகளே திரும்ப முடியும் என்பதற்கு இவை சாட்சி. ஒரு துறையின் எக்செல் தாளை மாற்றக் கூட்டம் போட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மேலே மருத்துவமனைக் குழுமத்தின் மதிப்பீடு, அதற்கு மேலே பல்கலைக்கழகத்தின் தரவரிசை, அதற்கு மேலே நிதி தருபவர்கள் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரின் எண்ணைப் பார்த்துத்தான் தங்கள் எண்ணை வைத்திருக்கிறார்கள் என்று துறைத் தலைவர் விளக்கினார். இதழின் எண்ணோடு கட்டுரையின் உள்ளடக்கத்தையும் இரண்டு பேர் படித்துக் குறிப்பு எழுத வேண்டும் என்ற எங்கள் கோரிக்கையை, இணைப்பேராசிரியர் நிலைக்கு மேல் மட்டும் சோதனையாகச் செய்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

ஒப்பீட்டுப் பகுதி எஞ்சியிருக்கிறது. தரவு சுத்தம் செய்யப்பட்டு, அட்டவணைகள் தயாராக உள்ளன. முன்னுரையும் முறைப் பகுதியும் என் கணினியில் வரைவாக இருக்கின்றன. முன்அச்சாக (மதிப்புரைக்கு முந்தைய வடிவமாக) மெட்ஆர்க்கைவ் இணையத் தளத்தில் ஏற்றிவிட்டு, பிறகு குறுங்கட்டுரையாக அனுப்பலாம் என்பது இப்போதைய எண்ணம். இந்தியக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வர வேண்டும். முதல் பெயர் யாருடையது என்று கேட்டு அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். இந்த முறை யாரும் தனக்கு வேண்டும் என்று எழுதவில்லை. உதவிப் பேராசிரியராக இருந்து இணைப் பேராசிரியரானவர், தன் முதுநிலை மாணவி ஒருவர் எழுத விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். அவரோடு அடுத்த மாதம் பேச இருக்கிறோம்.